குடலின் உட்சுவரும் புரோபயாட்டிக்கும்: ரங்கூன் மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூன் நடுநகரில், காளி கோயில் மணி காதில் விழும் தூரத்தில் உள்ள ஒரு மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். முன்பெல்லாம் வயிறு சரியில்லை என்று வருகிறவர்கள் வயிற்றைத் தடவிக் காட்டுவார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். "தம்பி, இதுல சொல்ற மாத்திரை இருக்கா? குடலுக்கு உள்பூச்சு போடுமாம்."

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அதிலிருந்து எடுத்தவைதான் இவை. நான் டாக்டர் இல்லை, மருந்தாளர். யாருக்கு என்ன நோய் என்று சொல்வது என் வேலை அல்ல. எதை வாங்கலாம், எதற்குக் காசைக் கரியாக்க வேண்டாம் என்று சொல்ல முடியும்.

புரோபயாட்டிக் என்றால் என்ன? வீட்டுத் தயிரும் அதுவும் ஒன்றுதானே?

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2001-இல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தன. நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும். போதுமான அளவில் உள்ளே போக வேண்டும். போனால் உடம்புக்கு நன்மை என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் புரோபயாட்டிக்.

உங்கள் வீட்டுச் சட்டித் தயிரில் உயிருள்ள பாக்டீரியா நிறையவே இருக்கிறது. எந்த வகை, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. உங்கள் உறைமோர் எதிர்வீட்டு அக்கா கொடுத்தது, அவருக்குக் கொடுத்தது வேறொருவர். ஆகவே அதை நல்ல உணவு என்று சொல்லலாம், மருந்து என்று சொல்ல முடியாது. ஒரு விஷயம் மட்டும் உறுதி: பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். தயிரின் பாக்டீரியாவே பால் சர்க்கரையைச் செரிக்கக் கைகொடுக்கிறது. புரோபயாட்டிக் விளம்பர வாசகங்களை வரிசையாகத் தள்ளுபடி செய்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம்கூட 2010-இல் இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டது.

தயிருக்கு இந்தப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று நூறு வருடத்துக்கு முன்பே எழுதினார். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது தயிருக்காக இல்லை, நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக. விளம்பரங்களில் இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

குடலின் உட்சுவர் என்கிறீர்களே, அது எப்படி இருக்கும்?

கைலியை நினைத்துக்கொள்ளுங்கள். துணியைக் குழாய்போல் வளைத்து ஒரு பக்கம் தைத்திருக்கிறோம், அவ்வளவுதான். குடலும் குழாய்தான். ஆனால் அதன் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு செல்களால் ஆனது, ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோடு தனித்தனியாகத் தைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தையலுக்கு இறுக்கச் சந்தி என்று பெயர். க்ளாடின், ஆக்லூடின் என்ற புரதங்கள்தான் நூல். இந்த நூல் கல்லில் கட்டிய சுவர்போல் அசையாமல் நிற்பதில்லை. சாப்பாடு வந்தால் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும், அப்புறம் இறுகிக்கொள்ளும். தண்ணீரும் உப்பும் சத்தும் உள்ளே வர வேண்டும், கிருமி வரக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே அடுக்கு பார்த்துக்கொள்கிறது.

அது விரித்தால் எவ்வளவு பெரிது? பழைய பாடப் புத்தகங்களில் டென்னிஸ் மைதானம் அளவு என்று இருக்கும். 2014-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அளந்துபார்த்து, ஏறத்தாழ 32 சதுர மீட்டர் என்றார்கள். பாட்மின்டன் மைதானத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அதுவே பெரிதுதான்.

செல்களுக்கு மேல் வழவழப்பான சளிப்படலம் இருக்கிறது. பெருங்குடலில் அது இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் பாக்டீரியா குடியிருக்கும். செல்லை ஒட்டியிருக்கும் உள் அடுக்கில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. வாசல் திண்ணைவரை வரலாம், உள்ளே வரக் கூடாது என்பதுபோல. சுவரின் ஓரத்தில் சில செல்கள் கிருமிகொல்லிப் பொருளைச் சுரந்தபடியே இருக்கும். அதற்கும் கீழே நோய் எதிர்ப்பு செல்கள் காவல் நிற்கும்.

என்னை அசரவைப்பது வேறொன்று. இந்த உட்சுவரின் செல்கள் மூன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்து, புதிது முளைத்துவிடுகிறது. இன்று உங்கள் குடலில் இருக்கும் சுவர் போன வாரம் இருந்தது அல்ல. உள்பூச்சு போடுகிறேன் என்று வருகிற மாத்திரைக்காரரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: கொத்தனார் ஏற்கெனவே தினமும் வேலைக்கு வருகிறார், உங்கள் மாத்திரை அவருக்கு என்ன கொடுக்கப் போகிறது?

"லீக்கி கட்" என்கிறார்களே, குடல் கசிவு, அது எனக்கு இருக்குமா?

உட்சுவரின் தையல் தளர்வது உண்மையான விஷயம். கோதுமைப் புரதம் ஆகாத சீலியாக் நோயிலும், குடல் அழன்று புண்ணாகும் க்ரோன் நோயிலும், கடுமையான வயிற்றுப்போக்கிலும் அது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் மதுவும் அதைத் தளர்த்தும்.

ஆனால் தலைவலி, அசதி, முகப்பரு, மறதி எல்லாவற்றுக்கும் மூலகாரணம் குடல் கசிவுதான் என்று வீடியோவில் சொல்வது வேறு கதை. மருத்துவத்தில் அப்படி ஒரு தனி நோய்ப்பெயர் கிடையாது. பல நோய்களில் கசிவு விளைவாக வருகிறது. அதுவே காரணம் என்று காட்டுவது கடினம். இந்தத் தையலைத் தளர்த்துவதாகச் சொல்லப்படும் ஸோனுலின் புரதத்தை மலப் பரிசோதனையில் அளந்து சொல்கிறோம் என்று விற்கும் பெட்டிகளை நம்பிக் காசு கட்ட வேண்டாம். அவை உண்மையில் எந்தப் புரதத்தை அளக்கின்றன என்பதிலேயே தகராறு இருக்கிறது.

சரி, புரோபயாட்டிக் சாப்பிட்டால் உட்சுவர் பலப்படுமா?

சோதனைத் தட்டில் வளர்த்த குடல் செல்களில், ஆம், சில வகைகள் தையலை இறுக்குகின்றன. எலிகளிலும் அப்படித்தான். மனிதரிடம் வரும்போது கதை மெலிந்துவிடுகிறது. சில ஆய்வுகளில் கசிவு குறைந்தது, சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவர் உட்சுவருக்காகவே கேப்சூல் சாப்பிட வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

இன்னொன்று, கேப்சூலில் வருகிறவை பெரும்பாலும் விருந்தாளிகள். வந்து, இருந்து, போய்விடும். நம் உடம்பில் பாக்டீரியா ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016-இல் கணக்குப் போட்டார்கள். நம் சொந்த செல்களே 30 லட்சம் கோடிதான். அவ்வளவு கூட்டத்துக்குள் ஆயிரம் கோடியைக் கொண்டுபோய் இறக்கினால், திருவிழாக் கூட்டத்தில் ஒரு வேன் ஆட்கள் வந்து இறங்கின மாதிரிதான். விருந்தாளியாலும் உதவி உண்டு. அமிலம் சுரந்து கெட்ட கிருமியை நெருக்கும், இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சாப்பிடுவதை நிறுத்திய சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் மலத்தில் தேடினாலும் கிடைக்காது.

ஆன்டிபயாடிக் எடுக்கும்போது சேர்த்து எடுக்கலாமா?

புரோபயாட்டிக்குக்கு நான் மனசார ஆமாம் சொல்லும் ஓர் இடம் இதுதான். ஆன்டிபயாடிக் கெட்டதையும் நல்லதையும் பார்த்துக் கொல்லாது. அதனால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். காக்ரேன் அமைப்பு 2019-இல் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தது. புரோபயாட்டிக் எடுத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் போக்கு வந்தது. தினம் 500 கோடி நுண்ணுயிர் அல்லது அதற்கு மேல் கொடுத்தபோது பலன் நன்றாக இருந்தது. அதிகம் ஆராயப்பட்டவை இரண்டு: லாக்டோபாசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசஸ் பௌலார்டி.

பௌலார்டி பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். அதன் பிறந்த கதை நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. 1920-களில் ஹென்றி பௌலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் இருந்தார். காலரா பரவிய நேரத்தில் அங்குள்ளவர்கள் மங்குஸ்தான், லிச்சிப் பழத் தோலை வேகவைத்துக் குடித்ததைப் பார்த்து, அந்தத் தோலிலிருந்து இந்த ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். மோல்மேன் பக்கத்திலிருந்து கூடைகூடையாக மங்குஸ்தான் வரும் மாதங்களில் இந்தக் கதையைச் சொன்னால், சாயம்மாக்கள், அதாவது டீச்சர்மார், தோலை என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், பழத்தைச் சாப்பிடுங்கள். ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதைத் தொடாது, சேர்த்தே எடுக்கலாம். பாக்டீரியா கேப்சூல் என்றால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிலையத்தில் 21 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆன்டிபயாடிக் முடிந்தபின் பதினொரு வகை கலந்த புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு, தங்கள் சொந்த பாக்டீரியா பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதன் பிறகு, "மருந்து முடிஞ்சு மூணு மாசம் இதைச் சாப்பிடுங்க" என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஆன்டிபயாடிக் நாட்களும் அதற்குப் பின் ஒன்றிரண்டு வாரமும் போதும்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. புரோபயாட்டிக் பொடி கொடுக்கட்டுமா?

முதலில் ஓஆர்எஸ், அதாவது உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல். இரண்டாவது துத்தநாகம், அதாவது ஜிங்க். கையில் காசு மிச்சமிருந்தால்கூட மூன்றாவதாகத்தான் இது.

ஒரு காலத்தில் நானே பொடியைப் பரிந்துரைத்திருக்கிறேன். 2018-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித்தனியாக இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. ஒன்றில் 971 குழந்தைகள், மற்றதில் 886. இரண்டிலுமே பொடி கொடுத்த குழந்தைகளும் வெறும் மாவு கொடுத்த குழந்தைகளும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். அதற்கப்புறம் நான் நிறுத்திக்கொண்டேன். அந்த ஊர்க் கிருமியும் நம் ஊர்க் கிருமியும் ஒன்றல்ல என்று வாதாடலாம். வாதம் சரிதான். ஆனால் ஓஆர்எஸ்ஸை ஓரம்கட்டுகிற அளவுக்கு அந்த வாதத்தில் பலம் இல்லை.

ஓஆர்எஸ் வேலை செய்வதே குடலின் உட்சுவரின் ஒரு வினோதத்தால்தான். அங்கே ஒரு கதவு இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும், கூடவே தண்ணீர் பின்னால் வரும். இதை ராபர்ட் கிரேன் 1960-இல் விளக்கினார். காலராவில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும்போதும் இந்த ஒரு கதவு கெடுவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்துப் பாங்காவ் முகாமில் கொத்துக்கொத்தாகக் காலராவில் விழுந்தபோது, ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழி கொடுத்துச் சாவைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்.

பொட்டலத்தில் எத்தனை மில்லி தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அதை அளந்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலக்கவும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, குழந்தை வாந்தி எடுக்கிறது என்று ஓடிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. அதற்கு மேல் வயது என்றால் 100 முதல் 200. ஜிங்க் தினம் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குப் பாதி. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்.

பழைய சோறு, இட்லி, மொகிங்கா, லப்பே, ஙப்பி. எல்லாம் புளித்ததுதானே? புரோபயாட்டிக் தானே?

இந்தக் கேள்வி வந்தால் கடையில் கூட்டம் கூடிவிடும், ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இட்லி: மாவு புளிக்கும்போது பாக்டீரியா பெருகி வழிகிறது. ஆனால் ஆவியில் பத்து நிமிடம் வைத்ததும் எல்லாம் செத்துவிடும். தோசைக்கும் அதே கதி. எளிதில் செரிக்கும், சத்து கூடும், அது உண்மை. உயிருள்ள பாக்டீரியா மட்டும் கிடையாது. மொகிங்கா, அதாவது மீன்குழம்பு நூடுல்ஸ், அதன் நூலும் அப்படியே. பழைய முறையில் அந்த நூலுக்கான அரிசி மாவைப் புளிக்கவிட்டுத்தான் பிழிகிறார்கள், ஆனால் கொதிநீரில் விழுகிறது. மொகிங்காவில் குடலுக்கு வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது: குழம்புக்குள் நறுக்கிப் போடும் வாழைத்தண்டு. பலர் அதை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள்!

பழைய சோறு: வேகவைத்தபின் இரவெல்லாம் நீரில் புளிக்கிறது, காலையில் மறுபடி அடுப்பேறுவதில்லை. ஆகவே லாக்டிக் பாக்டீரியா உயிரோடு உள்ளே போகிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல்வரை போய்ச் சேரும் என்பது கூடுதல் லாபம். ஆனால் எச்சரிக்கை: சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. சித்திரைப் பிறப்பும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானும் ஒன்றாக வரும் அந்த வெயிலில், தண்ணீர் ஊற்றாமல் வெறும் சட்டியில் விட்ட சோறு ஆபத்து. சோறு முழுகத் தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி மோர் விட்டுவைத்தால் சீக்கிரம் புளித்து மற்ற கிருமியை அடக்கும். காலையில் புளிப்பு மணம் வர வேண்டும். நூல்போல இழுத்தாலோ நாற்றம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள். என் அம்மா சட்டியைத் திறந்து முதலில் மோந்துதான் பார்ப்பார், அப்புறம்தான் உப்பும் வெங்காயமும்.

மொன்ஞின்ஜின், அதாவது கடுகுக்கீரை ஊறுகாய்: உப்பும் கழுநீரும் விட்டு ஊறவைத்தது, பச்சையாகவே தட்டில் வரும். தெய்ன்ஜி சந்தையில் வாளியிலிருந்து எடுத்துத் தரும்போது நுரைத்திருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வினிகர் ஊற்றிப் பாட்டிலில் அடைத்தது வேறு, அது புளிப்பு மட்டுமே.

லப்பே: ஷான் மலைத் தேயிலைக் கொழுந்தை அவித்து, அழுத்தி, மாதக்கணக்கில் புளிக்கவைப்பது. உலகத்தில் தேயிலையைத் தின்னும் ஊர்கள் கொஞ்சம்தான். புரோபயாட்டிக் என்று நான் விற்க மாட்டேன். அதோடு சேர்த்துத் தட்டில் வரும் வறுத்த பயறும் எள்ளும் நார்ச்சத்துக்கு நல்லது. வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் யோசியுங்கள். 2009-இல் ஆரமின் ஓ என்ற துணிச்சாயம் கலந்ததாகப் பல லப்பே பிராண்டுகளை அரசு தடை செய்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஙப்பி: தமிழில் ங-வில் தொடங்கும் சொல்லே அரிது, இந்த ஊரில் தினம் மூன்று வேளை அது வாயில் வருகிறது. மீனோ இறாலோ, கூடவே மலைபோல் உப்பு. அதைக் குடலுக்கு மருந்து என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ருசிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

புளித்த உணவு பொதுவாக நல்லதா என்றால், 2021-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 36 பேரிடம் பத்து வாரம் பார்த்தது. தயிர், கிம்ச்சி போன்றவற்றை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் கேப்சூல் வாங்கும் முன் சட்டியைப் பார்க்கச் சொல்லும் ஆய்வு.

கரண்ட் பாதி நாள் இல்லை. பிரிட்ஜில் வைக்க வேண்டிய கேப்சூலை என்ன செய்வது?

வாங்காதீர்கள். 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்லும் புட்டி நம் வீட்டுக்கு வருவதற்குள், துறைமுகத்திலும் குடோனிலும் எங்கள் கடையிலும் எத்தனை முறை வெந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. செத்த பாக்டீரியாவுக்கு உயிருள்ள விலை கொடுக்கிறீர்கள். இந்த ஊருக்கு உலரவைத்த பௌலார்டி அல்லது பாசில்லஸ் வித்து வகை பொருத்தம். அவை அறை வெப்பத்தைத் தாங்கும். ஆனாலும் ஜன்னலோரம், அடுப்பு மேடை, மோட்டார் சைக்கிள் பெட்டி, இங்கெல்லாம் வைக்கக் கூடாது.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று சொல்லில் பெயர் இருக்க வேண்டும்: பேரினம், இனம், அப்புறம் எழுத்தோ எண்ணோ கொண்ட உட்பிரிவு. "லாக்டோபாசில்லஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் "மீன்" என்று எழுதி விற்பதுபோல. நெத்திலியா வஞ்சிரமா என்று சொல்ல வேண்டாமா? ஒரு உட்பிரிவுக்குக் கிடைத்த பலன் இன்னொன்றுக்குக் கிடைக்கும் என்பது இல்லை. 2020-இல் லாக்டோபாசில்லஸ் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துப் பெயர் மாற்றினார்கள். அதனால் அதே பண்டம் ஒரு பெட்டியில் பழைய பெயரிலும் இன்னொன்றில் லாக்டிகாசிபாசில்லஸ் என்றும் வரும், பயப்பட வேண்டாம்.

அடுத்து, எண்ணிக்கை. "தயாரிக்கும்போது" என்று இருந்தால் அது பிறந்தநாள் எடை. "காலாவதி தேதிவரை" என்று இருக்க வேண்டும். ஜப்பானில் 1935 முதல் விற்கும் யாக்குல்ட் மாதிரி சின்ன பாட்டில் பானங்களில் உட்பிரிவின் பெயர் தெளிவாக இருக்கும். ஆனால் சர்க்கரையும் இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த வரியையும் படியுங்கள்.

எனக்கு அல்சர். இதைச் சாப்பிட்டால் ஆறுமா?

அல்சர் பெரும்பாலும் இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் வரும் புண். பெரும்பாலானவற்றுக்கு இரண்டு காரணம்: ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி, அல்லது வலி மாத்திரை. கிருமிதான் என்பதை நிரூபிக்க ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-இல் அதைக் கரைத்துத் தானே குடித்தார். 2005-இல் ராபின் வாரனோடு நோபல் வாங்கினார். கிருமியைக் கொல்ல ஆன்டிபயாடிக் வேண்டும். புரோபயாட்டிக் அந்த மருந்தின் வயிற்றுத் தொந்தரவைக் கொஞ்சம் குறைக்கும், தனியாகப் புண்ணை ஆற்றாது.

வலி மாத்திரை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இந்த ஊரில் இடுப்பு வலி என்று போனால் நான்கைந்து கலர் மாத்திரையைச் சின்ன பிளாஸ்டிக் பையில் கலந்து கொடுப்பார்கள். பெயர் கிடையாது, தாள் கிடையாது. ஒரு நாள் ஓர் அண்ணன் அப்படி ஒரு பையை என் மேசையில் கொட்டினார். குடல் கசிவுக்குக் கேப்சூல் கேட்டு வந்தவர். மஞ்சளும் ரோஸும் வெள்ளையும். ஒன்று டைக்ளோஃபினாக், ஒன்று ஸ்டீராய்டு, முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். இரண்டு வருடமாகத் தினம் இரண்டு வேளை. இரைப்பையின் உட்சுவரையும் குடலின் உட்சுவரையும் கையால் சுரண்டிக்கொண்டே மேலே பூச்சு தேடுகிறார். அவருக்கு அன்று நான் கேப்சூல் விற்கவில்லை, டாக்டரிடம் அனுப்பினேன். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதனால்தான்.

அப்படியானால் உட்சுவருக்கு எதைத்தான் சாப்பிடுவது?

பெருங்குடலின் செல்களுக்குச் சாப்பாடு ரத்தத்திலிருந்து கொஞ்சம்தான் வருகிறது. ஏறத்தாழ 70 சதவீத சக்தி பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்திலிருந்து. அதைப் பெரும்பாலும் நம் சொந்த பாக்டீரியாதான் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துத் தயாரிக்கும். கொத்தனாருக்குக் கூலி அதுதான்.

நார் வராவிட்டால் அந்த பாக்டீரியா சும்மா இருக்காது. 2016-இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு இதைக் காட்டியது. மனிதக் குடல் பாக்டீரியாவை ஏற்றிய எலிகளுக்கு நாரில்லாத தீனி போட்டார்கள். பாக்டீரியா சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்தது, படலம் மெலிந்தது, கிருமி எளிதாகப் பற்றியது. திண்ணையில் இருந்தவர்களுக்குச் சோறு போடாவிட்டால் கதவை உடைத்து அடுக்களைக்கு வந்துவிடுவார்கள் போல.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்கிறது. இந்த ஊரில் அது கஷ்டமே இல்லை. பர்மா பருப்பு நாடு. இந்தியாவில் இட்லிக்கு அரைக்கும் உளுந்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான் கப்பலேறுகிறது. காலையில் தலையில் தட்டு சுமந்து கூவி வரும் அம்மாவிடம் வேகவைத்த முளைப்பயறு, பே பியோ, ஒரு டம்ளர் வாங்கிக்கொள்ளுங்கள். வாழைத்தண்டு, வெண்டைக்காய், கொள்ளு, கீரை, கொய்யா. இதுவரை நார் சாப்பிடாதவர் ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், அப்புறம் பயறின் மேல் பழி வரும். இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக ஏற்றுங்கள்.

குளுட்டமின், கொலாஜன் பொடி?

தீவிர சிகிச்சை, பெரிய தீக்காயம் போன்ற இடங்களில் குளுட்டமின் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவர் மாதாமாதம் இந்த இரண்டில் எந்த டப்பாவையும் வாங்கக் காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

யாருக்கு ஆகாது?

நோய் எதிர்ப்பு மிகக் குறைந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் டியூப் வைத்திருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள். இவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் தரவே கூடாது. அபூர்வமாக அந்த பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ ரத்தத்தில் கலந்துவிடும். 2008-இல் நெதர்லாந்தில் கணைய அழற்சி கடுமையாக வரக்கூடிய நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்களில் 24 பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 9 பேர். "இயற்கைதானே, பண்ணினா நல்லது, பண்ணாட்டி கெடுதல் இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த 24 ஞாபகம் வரும்.

எத்தனை நாள் சாப்பிட்டுப் பார்க்கலாம்?

ஒரு குறிப்பிட்ட தொந்தரவுக்கு என்றால் நான்கு வாரம். மாற்றம் இல்லையா, நிறுத்திவிடுங்கள். "உடம்புக்குப் பழகணும்" என்று ஆறு மாதம் ஓட்ட வேண்டாம்.

எப்போது கடையைத் தாண்டி டாக்டரிடம் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம், அல்லது தார்போல் கறுத்த மலம். காரணமில்லாமல் எடை இறங்குவது. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு. ஐம்பது வயதுக்குப் பின் புதிதாக மாறிய மலப்பழக்கம். காய்ச்சலோடு போக்கு. குழந்தை என்றால்: கண் குழிந்து, நாக்கு வறண்டு, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல், அழுதால் கண்ணீர் வராமல் இருந்தால் ஓஆர்எஸ் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வழியெல்லாம் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள்.